பச்சை மையில் தப்பிய மூன்று வரிகள்

கலைச்செல்வி போன வாரம் ஃபோன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பள்ளியில் எனக்குப் பிறகு சமூக அறிவியல் எடுக்க வந்தவள். தேர்தலைப் பற்றி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நாலு வரி போட்டிருக்கிறாள். யாரோ அதைப் படம் பிடித்துத் தலைமையாசிரியருக்கு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் அரசியல் எதுவும் எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறார்களாம். “நீங்க முப்பது வருஷம் வாய மூடாமத்தானே டீச்சர் இருந்தீங்க, எப்படிச் சமாளிச்சீங்க?” என்று கேட்டாள். அடுப்பில் குக்கர் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். குக்கர் வைக்கவே இல்லை. ஒருத்திக்குச் சமைக்க யார் குக்கர் வைப்பார்கள்.

பொய் சொன்னது உறுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கலைச்செல்வி படிக்கட்டும், வேறு யாராவது படித்தாலும் சரி.

ஸ்ரீரங்கத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. மகள் புனேயில். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். நான் செய்தித்தாளில் படித்த எதையாவது ஆரம்பித்தால், “அம்மா, பாலிடிக்ஸ் வேணாமே, மாத்திரை போட்டியா?” என்பாள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் குழு ஒன்று ஃபோனில் இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்தும் மூட்டுவலி வைத்தியமும் மட்டும் போடலாம். அரசியல் போட்டதற்கு என்னை இரண்டு தடவை நீக்கியிருக்கிறார்கள். மூன்றாவது தடவை சேர்த்தபோது ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பிவிட்டு அடங்கிவிட்டேன். காலையில் பேப்பர் படித்து முடித்ததும் யாரிடமாவது சொல்லியே தீர வேண்டும் போலிருக்கும். எதிர்வீட்டில் கணவன் மனைவி இருவரும் எட்டு மணிக்கே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பத்து மணி வரை பொறுத்துப் பார்ப்பேன், அப்புறம் அந்த வேகம் தானாக வடிந்துவிடும். இதைத் தனிமை என்று சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

பேசும் பழக்கம் பிறந்த வீட்டுச் சீதனம். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு வாசலில் மாலை ஷிப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்துகிற நாலு பேர் நாலு கட்சி. சண்டை போட்டுக்கொண்டே ஒரே செம்பில் தண்ணீர் குடிப்பார்கள். நானும் நடுவில் புகுந்து கருத்துச் சொல்வேன், யாரும் என்னைப் போய்ப் படி என்று விரட்டியதில்லை. பி.எட். முடித்தேன், இரண்டு வருடம் தனியார் பள்ளியில் அல்லாடினேன், திருவானைக்காவல் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் வேலை கிடைத்தது. படிப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே காலை ப்ரேயரில் செய்தி வாசிப்பதை என் தலையில் கட்டினார்கள். மற்றவர்கள் தட்டிக் கழித்த வேலை அது, எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. ஆறு மணிக்கு வீட்டுப் பேப்பர், எட்டு மணிக்குக் கடைத்தெரு டீக்கடையில் இன்னொரு பேப்பர். பழைய விடைத்தாள்களில் எழுதாமல் விட்ட பக்கங்களைக் கிழித்து வைத்திருப்பேன். அரைத்தாளில் ஐந்து செய்தி: உலகம், இந்தியா, தமிழகம், உள்ளூர், விளையாட்டு. கீழே ‘இன்றைய சிந்தனை’ என்று இரண்டு மூன்று வரி. அந்த வரிகள் மட்டும் என் சொந்தச் சரக்கு. தாளைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கி, பத்தாம் வகுப்பில் அன்றைக்கு யார் முறையோ அந்தப் பிள்ளையிடம் தர வேண்டும். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஒரு நாளைக்கு ஒருவர். பிள்ளை மைக்கில் வாசிக்கும். சிந்தனைக்கு முன்னால் சொல்ல ஒரு வாசகம் உண்டு. “இன்றைய சிந்தனையை வழங்குபவர்” என்று சொல்லித் தன் வகுப்பையும் பெயரையும் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்த யாரோ ஏற்படுத்திய வழக்கம். பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வரும் என்று நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

என் காலத்தில் பாதிக்கு மேல் தலைமையாசிரியராக இருந்தவர் சவரிமுத்து சார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. செய்தித் தாளை மேஜையில் நேராக வைத்து, ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, உதடு அசையப் படிப்பார். விரல் எங்காவது நின்றால், “இது தேவையா டீச்சர்?” என்பார். நான் வாதாடினால் பச்சைப் பேனாவின் மூடியை மாட்டிவிட்டு, தாளை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளுவார். அவ்வளவுதான். மணி ஒன்பதே காலுக்கு ப்ரேயர், ஒன்பது பத்துக்குத் தாள் என் பக்கம் வரும். ஐந்து நிமிஷத்தில் என்ன வாதாட முடியும். ‘மழைநீர் தேங்கியதால் மக்கள் அவதி’ என்று எழுதினால் அவர் பேனா பட்டு ‘நல்ல மழை பெய்தது’ ஆகும். குடிநீர் கேட்டு மக்கள் மறியல் செய்தார்கள் என்பது ‘மக்கள் சாலையில் கூடினர்’ ஆனது. எதற்குக் கூடினார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், திருவிழாவாக இருக்கும் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் பயந்தாங்கொள்ளி என்று ஆசிரியர் அறையில் நான்தான் முதலில் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, முன்பு வேலை பார்த்த பள்ளியில் யாரோ மொட்டைக் கடிதம் போட்டு, ஆண்டுவிழாவில் பேசிய ஒரு வாக்கியத்துக்காக அவரை எட்டு மாதம் விசாரணைக்கு நடக்க வைத்திருக்கிறார்கள். தெரிந்த பிறகும் நான் அந்தப் பட்டத்தைத் திரும்பப் பெறவில்லை.

மகேஸ்வரி என்ற மாணவியின் விஷயம் நடந்தது நான் ஓய்வு பெறுவதற்கு ஒன்பது வருடம் முன்பு, ஒரு பிப்ரவரி மாதத்தில்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் நடைபாதைக் கடைகளை லாரி வைத்து அகற்றியிருந்தார்கள். உள்ளூர்ச் செய்தியில் படத்தோடு வந்திருந்தது. எனக்கு ஒரே குஷி. அதற்கு முந்தைய மாதம்தான் அதே இடத்தில் நடைபாதையில் வழியில்லாமல் ரோட்டில் இறங்கி, கணுக்கால் பிசகிப் பத்து நாள் நொண்டினேன். சுடச்சுட எழுதினேன். ‘நடைபாதை நடப்பவர்களுக்கே. பல ஆண்டுகளாகப் பொதுமக்களுக்கு இடையூறாக இருந்த கடைகளை அகற்றியவர்களைக் கைதட்டிப் பாராட்டுவோம். ஆக்கிரமிப்பும் ஒருவகைத் திருட்டே.’

சவரிமுத்து சாரின் விரல் மூன்று வரியிலும் நிற்காமல் ஓடியது. கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “இன்னைக்கு நல்லா வந்திருக்கு டீச்சர்” என்றார். குறை சொன்னால்தான் அவருக்கு அரசியல், பாராட்டினால் பொது அறிவு. அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. ஓர் அடித்தல்கூட இல்லாமல் தாள் திரும்பி வந்ததில் கால் தரையில் படவில்லை. அதே வேகத்தில் மைதானத்துக்கு ஓடி, முறைப்படி நின்றுகொண்டிருந்த பத்தாம் வகுப்பு ‘பி’ மகேஸ்வரி கையில் தாளைக் கொடுத்தேன். ஒரு தடவை மனதுக்குள் படித்துப் பார்த்துக்கொள் என்று சொல்லக்கூட நேரமில்லை.

நன்றாக வாசிக்கிற பெண். திக்காது, திணறாது. ஐந்து செய்தியையும் வாசித்தாள். “இன்றைய சிந்தனையை வழங்குபவர், பத்தாம் வகுப்பு பி பிரிவு, மகேஸ்வரி” என்றாள். முதல் வரியைப் படித்தாள். இரண்டாம் வரிக்கு முன் கொஞ்சம் நிறுத்தினாள். மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். கைதட்டிப் பாராட்டுவோம் என்று வாசித்ததும் அறுநூறு பிள்ளைகளும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, ‘திருட்டே’ என்கிற வரியையும் அதே தெளிவோடு வாசித்தாள். நன்றி வணக்கம் சொன்னாள். தாளை நாலாக மடித்து என்னிடம் தந்துவிட்டு வரிசைக்குப் போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் வகுப்பில் கேட்டபோது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் பெஞ்சில் இருந்த ஒருத்திதான் எழுந்து, “அவங்கம்மா வண்டியத்தான் டீச்சர் லாரில ஏத்திட்டுப் போனாங்க” என்றாள். அந்த அம்மா அங்கே கொய்யாவும் வெள்ளரிப் பிஞ்சும் விற்றவர். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று இருக்கிறது. எழுதியது என் கை. எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த ஒரே சொல்லைத்தான் எழுதியிருக்கிறோம். அப்படி எழுதிவிட்டால் அடுத்த கேள்வி கேட்க வேண்டியதில்லை.

அடுத்த திங்கட்கிழமை அறிவியல் செய்முறைத் தேர்வு. அதற்கு வராவிட்டால் அந்த மதிப்பெண் போய்விடும். அப்புறம் எழுத்துத் தேர்வுக்கு மட்டும் வருவாள் என்று என்ன நிச்சயம். படிப்பு நின்றுபோன பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் வராமல் இருப்பதில்தான் எல்லாம் ஆரம்பிக்கும். வியாழக்கிழமை பள்ளி விட்டதும் கொள்ளிடக் கரைக்குப் போகிற வழியில் அவர்கள் குடியிருந்த சந்து எது என்று கேட்டுக் கேட்டுப் போனேன்.

அம்மா பெயர் பாக்கியம். வண்டி போனதால் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். எனக்கு ஸ்டூல் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். மகேஸ்வரி சுவரோரமாக நின்றாள். அந்தச் சந்தில் இருந்தவர்களில் ஏழெட்டுக் குடும்பம் அதே தெருவில் கடை போட்டவர்கள், அவர்கள் பிள்ளைகளும் எங்கள் பள்ளிதான். மகேஸ்வரி மைக்கில் நம்மைத் திருடர்கள் என்று சொன்னாள், பள்ளிக்கூடமே கைதட்டியது என்று அன்று மாலையே செய்தி வந்துவிட்டது. வழங்குபவர் என்று தன் பெயரைச் சொன்னதை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். குழாயடியில் யாரும் அந்த அம்மாவோடு பேசுவதில்லையாம்.

நான் தெரியாமல் எழுதிவிட்டேன் என்றேன். பாக்கியம் கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டீங்களா டீச்சர்?”

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்து, நடக்கிறவர்களுக்கு வழி வேண்டும்தான், நானும் அந்த ரோட்டில் நடக்கிறவள்தான் என்றார். “நாங்க எங்க போய் நிக்கிறதுன்னு ஒரு வரி சேத்து எழுதியிருக்கலாம். அவ்வளவுதான்.” அப்பாவின் நண்பர்களோடு வாதாடி வளர்ந்தவள் நான். இத்தனை வருடத்தில் என் கருத்துக்கு இவ்வளவு நேரான பதிலை யாரும் சொன்னதில்லை.

மகேஸ்வரி அப்போதுதான் வாய் திறந்தாள். “நான் எழுதலன்னு ப்ரேயர்ல சொல்லுங்க டீச்சர். நான் வரேன்.”

வேறு எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை சொல்கிறேன், நீ வந்து நில் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை சவரிமுத்து சார் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விரலை மேஜையில் வைத்தபடி கேட்டார். அந்தப் பெண்ணுக்கு மிகவும் வருத்தப்பட்டார், அதில் பொய்யில்லை. வேறொரு தள்ளுவண்டிக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்றுகூட யோசித்தார். ப்ரேயரில் திருத்தம் சொல்வதற்கு மட்டும் ஒப்பவில்லை. “அந்தத் தாள்ல என் கையெழுத்தும் இருக்கு டீச்சர். எழுதினது டீச்சர்னு நீங்க சொன்னா, கையெழுத்துப் போட்டது யாருன்னு கேப்பாங்க” என்றார். பிறகு மெதுவாக, “உங்களைத் தடுக்கல. ஆனா மைக்கு என் பொறுப்பு” என்றார். வகுப்பில் சொன்னால் போதாதா என்று கேட்டார். பேனாவுக்கு மூடி போட்டுவிட்டார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மைக்கைப் பிடுங்கிச் சொல்லிவிடலாம். இரண்டே வாக்கியம். மெமோ வரும், வரட்டும். இருபது வருடமாக நாட்டுக்கே யோசனை சொன்னவளுக்கு இது ஒரு பெரிய காரியமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை மகேஸ்வரி வந்திருந்தாள். தலையை அழுந்த வாரி இரட்டைச் சடை போட்டு, பத்தாம் வகுப்பு வரிசையில் மூன்றாவதாக நின்றாள். அவள் சந்துப் பிள்ளைகளும் பின்னால் தத்தம் வரிசைகளில் நின்றார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, செய்தி, திருக்குறள். நான் மைக்கிலிருந்து ஆறடியில் நின்றேன். சவரிமுத்து சார் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால்கூட ரோஷத்தில் நடந்திருப்பேன். இப்போது போகலாம், இந்தப் பையன் வாசித்து முடித்ததும் போகலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். தேசிய கீதம் தொடங்கிவிட்டது. முடிந்ததும் டிரம் அடித்தார்கள், பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போனார்கள்.

மகேஸ்வரி என்னைக் கடக்கும்போது ஒரு தடவை பார்த்தாள். கோபம் இல்லை. கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று தெரிந்த பிள்ளை கரும்பலகையைப் பார்க்குமே, அப்படி ஒரு பார்வை.

அன்று இரண்டாவது பீரியடில் ‘பி’ பிரிவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். எழுதியது நான், மகேஸ்வரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தப்பு என்னுடையது. நாற்பது பிள்ளைகள் கேட்டார்கள். அந்த வகுப்பில் சந்துப் பிள்ளை மகேஸ்வரி ஒருத்திதான். அந்நேரம் அவள் செய்முறைத் தேர்வின் முதல் அணியோடு ஆய்வகத்தில் இருந்தாள். அதைப் பார்த்துத்தான் அந்த பீரியடைத் தேர்ந்தெடுத்தேனா என்று கேட்டால், இல்லை என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

அவள் பள்ளிக்கு ஒழுங்காக வந்தாள். தேர்வெல்லாம் எழுதினாள், தேறினாள். நான் கேட்ட கேள்விக்கு எழுந்து பதில் சொல்வாள், உட்காருவாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று நான் அலுவலகத்தில்தான் இருந்தேன். வணக்கம் சொன்னாள், போனாள். அந்தச் சந்தில் அவளுக்கு என்ன ஆனது என்று போய்க் கேட்க எனக்கு முகம் இல்லை. ‘இன்றைய சிந்தனை’யை நான் நிறுத்திவிட்டேன். சவரிமுத்து சாருக்கு நிம்மதி. மிச்சம் இருந்த ஒன்பது வருடமும் வெறும் ஐந்து தலைப்புச் செய்திதான். என் பணி நிறைவு விழாவில் துணிச்சலாகக் கருத்துச் சொன்ன ஆசிரியை என்று புகழ்ந்தார்கள். மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகையால் கலைச்செல்வி, நான் சமாளித்தது இப்படித்தான். எழுதித் தருவதா வேண்டாமா என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன் கருத்தை உன் பெயரில் நீயே சொல். சொன்னதற்காக உன்னை மட்டும் அவர்கள் கேள்வி கேட்கிறார்கள் என்றால், நீ என்னைவிட நல்ல இடத்தில் நிற்கிறாய்.

எழுதாமல் முடித்துவிடலாம் என்று நினைத்த ஒன்று இருக்கிறது. நேற்று முன்தினம் திருவானைக்காவலில் ஒரு வேலையாகப் போனபோது கடைவீதி முனையில் பாக்கியத்தைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. தள்ளுவண்டி, கொய்யா. நான் தயங்கி நின்றேன். அவர்தான் “வாங்க டீச்சர், தனியாவா வந்தீங்க?” என்று கூப்பிட்டார். மகேஸ்வரிக்குக் கல்யாணமாகிவிட்டது, கரூரில் இருக்கிறாள், ஒரு ஜவுளிக் கம்பெனியில் வேலை, ஒரு பெண் குழந்தை. அந்தச் சந்து இப்போது இல்லை என்றார். வீடுகளையெல்லாம் காலி செய்துவிட்டார்கள், பழைய ஆட்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். அன்றைக்கு நான் சொல்ல வேண்டியதை இனி சொன்னாலும் கேட்க அங்கே யாரும் இல்லை.

கொய்யாவைத் தராசில் போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்காமல் போயிருக்கலாம். மகேஸ்வரி என்னைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொல்வாளா என்று கேட்டுவிட்டேன். திட்டுவாள் என்று சொன்னால்கூடப் போதும் போலிருந்தது எனக்கு.

பாக்கியம் இன்னொரு கொய்யாவைத் தராசில் சேர்த்தார்.

“இல்லங்க டீச்சர். நல்லதாவும் சொன்னதில்ல, கெட்டதாவும் சொன்னதில்ல. உங்க பேச்சே எடுக்க மாட்டா.”

பையை வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.